கேடன்ஸில் வரும் ஸ க ப ஏன் டாமினன்ட் என்று குறிக்கப்படுகிறது?

வயலின்_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கர்நாடக முறையில் வயலின் கற்ற நான் இப்போது மேற்கத்திய இசைக் கோட்பாட்டுத் தேர்வுக்காக ஹார்மனி பாடங்களைப் படித்து வருகிறேன். மேஜர் ஸ்கேலைத் தீரசங்கராபரணமாக எண்ணிக்கொள்வதால் தொடக்கப் பாடங்கள் சிரமமின்றிப் புரிந்தன. ஒரு சுரத்தின் மீது ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு சுரங்களை அடுக்கினால் மூன்று சுரங்கள் கொண்ட ட்ரையட் கிடைக்கிறது. ஸட்ஜத்தின் மீது அமையும் ஸ க ப டானிக் என்றும், மத்யமத்தின் மீது அமையும் ம த ஸ சப்டாமினன்ட் என்றும், பஞ்சமத்தின் மீது அமையும் ப நி ரி டாமினன்ட் என்றும் பெயர் பெறுகின்றன. இப்படிச் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்துக்குக் கார்ட் என்று பெயர்; ஓர் இசைத்தொடர் முடியும் இடத்தில் வரும் கார்ட் நகர்வுக்குக் கேடன்ஸ் என்று பெயர். டாமினன்டிலிருந்து டானிக்குக்கு வந்தால் முழுமையான முடிவு. சப்டாமினன்டிலிருந்து வந்தால் தேவாலயங்களில் ‘ஆமென்’ பாடும்போது கேட்கும் முடிவு. டாமினன்டிலேயே நின்றுவிட்டால் பாதி முடிவு. இதுவரை எந்தக் குழப்பமும் இல்லை.

என் ஐயம் வேறோர் இடத்தில் எழுகிறது. முழுமையான முடிவுக்குச் சற்று முன்னால், எல்லாவற்றுக்கும் கீழான பேஸ் குரலில் பஞ்சமமும் அதற்கு மேலே ஸட்ஜமும் காந்தாரமும் உள்ள கார்ட் ஒன்று அடிக்கடி வருகிறது. சி மேஜரில் சொன்னால், ஜி பேஸில் இருக்க மேலே சி, ஈ. நான் வைத்திருக்கும் பாடநூல்களில் ஒன்று இதனை டானிக்கின் இரண்டாம் இன்வர்ஷன் (அதே சுரங்களைப் பஞ்சமம் கீழே வருமாறு மாற்றி அடுக்கியது) என்றும், ஆகவே ஒன்றாம் கார்ட் என்றும் குறிக்கிறது. மற்றொன்றோ அதே கார்டையும் அடுத்து வரும் ப நி ரி கார்டையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டுக்கும் அடியில் ஐந்தாம் கார்ட், அதாவது டாமினன்ட், என்று ஒரே குறியிட்டு, மேலே ஆறு–நான்கு, ஐந்து–மூன்று என்று எண்களை எழுதுகிறது. கார்டில் இருப்பவை ஸ க ப ஆகிய மூன்று சுரங்கள் மட்டுமே. நிஷாதமும் இல்லை, ரிஷபமும் இல்லை. அப்படியிருக்க அது எப்படி டாமினன்ட் ஆகும்? இரண்டு நூல்களில் எது சரி என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆர்கன்_இசைஞர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். இரண்டு நூல்களும் தவறானவை அல்ல. அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. முதல் நூல் அந்தக் கார்ட் எந்தச் சுரங்களால் ஆனது என்று பார்க்கிறது. இரண்டாம் நூல் அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கிறது.

ஸ க ப, க ப ஸ, ப ஸ க என எப்படி வைத்தாலும் அது ஒரே கார்ட்தான், அதன் வேர், அதாவது அது எந்தச் சுரத்தின் மீது அமைந்ததோ அந்தச் சுரம், ஸட்ஜம்தான் என்ற கருத்தை, 1722இல் பாரிஸில் வெளிவந்த தமது ஹார்மனி நூலில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ரமோ விரிவாக நிலைநாட்டினார். இன்று நாம் இன்வர்ஷன் என்று கற்பதெல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததே. அது மிகவும் பயனுள்ள கருத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கேடன்ஸைப் பார்த்தால், நம் செவி கேட்கும் ஒரு முக்கியமான செய்தி விட்டுப்போகிறது.

ஆறு–நான்கு என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் பாருங்கள். பேஸ் சுரத்தை ஒன்று என்று வைத்து மேலே எண்ணினால் ப, த, நி, ஸ, ரி, க என்று வரும். ஸட்ஜம் நான்காவது, காந்தாரம் ஆறாவது. அடுத்த கார்டில் பேஸ் அசையாமல் பஞ்சமத்திலேயே நிற்கிறது; மேலே இருந்த காந்தாரம் ரிஷபத்துக்கும் ஸட்ஜம் நிஷாதத்துக்கும் ஒவ்வொரு படி இறங்குகின்றன. ஆறு ஐந்தாகிறது, நான்கு மூன்றாகிறது. எண்கள் சொல்வது இந்த இறக்கத்தைத்தான். இதை நான்கு குரல்களில் எழுதிப் பார்ப்பது நல்லது. சப்டாமினன்டில் தொடங்கி நான்கு கார்டுகள் எழுதுகிறேன்.

சொப்ரானோ: ஸ – ஸ – நி – ஸ
ஆல்டோ: த – ப – ப – ப
டெனர்: ம – க – ரி – க
பேஸ்: ம – ப – ப – ஸ

இரண்டாவது கார்டுதான் உங்கள் ஐயத்துக்கு உரியது. டெனர் ம, க, ரி என்று படிப்படியாக இறங்குவதைத் தனியாகப் பாடிப் பாருங்கள். அந்தக் காந்தாரத்தில் யாரும் ஓய்வாக நிற்க முடியாது, அது ரிஷபத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. சொப்ரானோவின் இரண்டாவது ஸட்ஜமும் அப்படித்தான்: முந்தைய கார்டிலிருந்து பிடித்துவைக்கப்பட்டு, நிஷாதத்துக்கு இறங்கக் காத்திருக்கிறது. பேஸ் ஏற்கெனவே டாமினன்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது, மேற்குரல்கள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்று கேட்பதே இயல்பான கேட்பு.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. நான்கு குரல்களுக்கு மூன்று சுரங்களே இருப்பதால் ஏதேனும் ஒன்றை இரட்டிக்க வேண்டும். சாதாரண நிலையில் உள்ள கார்டில் பெரும்பாலும் வேர் சுரத்தை இரட்டிப்பார்கள். இந்தக் கார்டின் வேர் ஸட்ஜமாகவே இருந்தால் ஸட்ஜத்தை இரட்டித்திருக்க வேண்டும். ஆனால் மரபு பேஸில் இருக்கும் பஞ்சமத்தைத்தான் இரட்டிக்கச் சொல்கிறது. மேலே ஆல்டோவும் பேஸும் பஞ்சமத்தில் இருப்பதைக் காணலாம். அசையாத சுரத்தை இரட்டிப்பது, அசைய வேண்டிய சுரங்களைத் தனித்தனியே விடுவது என்ற இந்த வழக்கம், எழுதியவர்கள் பஞ்சமத்தையே அடித்தளமாகக் கருதினார்கள் என்பதைக் காட்டுகிறது.

ஆறுதந்தி எழுதியது:

கிட்டார் வாசிப்பவர்கள் இதே செயலை வேறு பெயரில் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறோம் என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஜி சஸ் ஃபோர் பிடித்து அதன் பின் ஜி மேஜர் பிடிக்கும்போது, சி சுரம் பி சுரத்துக்கு இறங்குகிறது. சஸ் ஃபோர் கார்டை யாரும் சி கார்ட் என்று சொல்வதில்லை. ஜி கார்டுக்குள் மூன்றாவது சுரம் வருவதற்குச் சற்றுத் தாமதமாகிறது என்றே கொள்கிறோம். அங்கே ஒரு சுரம் தாமதமாகிறது, நீங்கள் கேட்கும் கார்டில் இரண்டு சுரங்கள் தாமதமாகின்றன. அந்த இரண்டும் தற்செயலாக டானிக்கின் சுரங்களாக அமைந்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. சி மேஜர், ஜி பேஸ் என்று கார்ட் தாளில் எழுதியிருந்தாலும், அடுத்து ஜி வந்து அதன் பின் சி வந்தால், முதல் இரண்டையும் ஒரே மூச்சாக வாசித்துப் பாருங்கள். வேறுபாடு கையிலேயே தெரியும்.

வயலின்_மாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா எழுதிய நான்கு குரல்களையும் வயலினில் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். டெனரின் இறக்கம் மிகத் தெளிவாகப் புரிந்தது.

ஆனால் இதிலிருந்து இன்னொரு கேள்வி எழுகிறது. கீழே பஞ்சமமும் மேலே ஸட்ஜமும் இருந்தால் அது நிலையற்றது, இறங்கியே தீர வேண்டும் என்கிறீர்கள். எங்கள் தம்பூராவின் முதல் தந்தி மந்தர பஞ்சமம். அடுத்த இரண்டு சாரணைத் தந்திகளும் அதற்கு மேலுள்ள ஸட்ஜம். கச்சேரி முழுவதும் பஞ்சமத்துக்கு மேல் ஸட்ஜம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அதில் எவ்வித அமைதியின்மையையும் நான் கேட்டதில்லை. அதைவிட அமைதியான ஒலி வேறில்லை என்றே சொல்வேன். இரண்டு சுரங்களும் அதே சுரங்கள், இடைவெளியும் அதே இடைவெளி. ஓரிடத்தில் அமைதியாகவும் மற்றோரிடத்தில் தவிப்பாகவும் அது எப்படி ஒலிக்கிறது?

அனுசுருதி எழுதியது:

இந்தக் கேள்வியில்தான் விடையும் இருக்கிறது. தம்பூராவின் நான்காவது தந்தியை நினைத்துப் பாருங்கள். அது மந்தர ஸட்ஜம், நான்கிலும் தாழ்ந்த ஒலி. பஞ்சமமும் ஸட்ஜமும் உண்டாக்கும் நான்காவது இடைவெளி அந்த மந்தர ஸட்ஜத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே ஸட்ஜம் இருக்கும்போது பஞ்சமம் அதன் ஐந்தாவதாகவும், மேல் ஸட்ஜம் அதன் எட்டாவதாகவும் கேட்கின்றன. கேடன்ஸில் அந்தக் கீழ் ஸட்ஜம் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் பஞ்சமமே நிற்கிறது. ஆகவேதான் மேற்கத்திய மரபில் நான்காவது இடைவெளி மேற்குரல்களுக்கு இடையில் வந்தால் இணக்கமானதாகவும், பேஸ் குரலிலிருந்து எண்ணும்போது வந்தால் இறங்க வேண்டியதாகவும் கொள்ளப்படுகிறது. 1725இல் வெளிவந்த ஃபுக்ஸ் என்பவரின் எதிரிசைப் பாடநூல் (பல குரல்களை ஒருங்கே இணைத்து எழுதும் முறையைக் கற்பிப்பது) முதல் இன்றைய பாடநூல்கள் வரை இந்த வேறுபாடு தொடர்கிறது.

இதன் ஒலியியல் அடிப்படையையும் தம்பூராவைக் கொண்டே விளக்கலாம். நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவில் மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டினால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக ஒலிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது அந்தத் தந்தியின் ஐந்தாவது அனுசுரம், அதாவது மூல ஒலியோடு சேர்ந்து மெல்லியதாக எழும் மேலொலிகளில் ஒன்று. மூன்றாவது அனுசுரம் பஞ்சமம். எந்தச் சுரத்தைக் கீழே வைத்தாலும் அது தன் பஞ்சமத்தையும் தன் காந்தாரத்தையும் மெல்லியதாக உடன் ஒலிக்கச் செய்யும். இப்போது பேஸில் பஞ்சமத்தை வையுங்கள். பஞ்சமத்தின் பஞ்சமம் ரிஷபம். பஞ்சமத்தின் காந்தாரம் நிஷாதம். அதாவது பேஸ் குரல் பஞ்சமத்தைப் பிடித்த அந்த நொடியிலேயே ரிஷபமும் நிஷாதமும் அதன் ஒலிக்குள் வந்துவிடுகின்றன. மேற்குரல்கள் பாடும் காந்தாரம் அந்த ரிஷபத்துக்கு ஒரு முழுச்சுரம் மேலேயும், ஸட்ஜம் அந்த நிஷாதத்துக்கு ஓர் அரைச்சுரம் மேலேயும் உரசிக்கொண்டு நிற்கின்றன. அவை எங்கே இறங்குகின்றன என்று பாருங்கள்: காந்தாரம் ரிஷபத்துக்கு, ஸட்ஜம் நிஷாதத்துக்கு. “நிஷாதமும் இல்லை, ரிஷபமும் இல்லை” என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். யாரும் பாடவில்லை என்பதே உண்மை; பேஸின் அனுசுரங்களில் அவை இருக்கின்றன.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. சுருதிப் பெட்டியில் ஸட்ஜத்தை மட்டும் வைத்து, வயலினில் ஸ–க சேர்த்து வாசியுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். பின்னர் சுருதிப் பெட்டியைப் பஞ்சமத்துக்கு மாற்றி, அது எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்குமாறு செய்து, அதே ஸ–க வாசியுங்கள். அதன் பின் நி–ரி வாசியுங்கள். அந்த இறக்கத்தில் கிடைக்கும் நிம்மதியே நூல் குறிக்கும் ஐந்து–மூன்று.

அனுசுரங்கள் மட்டுமே முழு விளக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவிலேயே முற்காலத்து ஆர்கனம் பாடல்களில், ஒரு குரலுக்கு இணையாக நான்காவது இடைவெளியில் மற்றொரு குரல் தொடர்ந்து பாடுவது இயல்பாக இருந்தது. அக்காலக் கோட்பாட்டாளர்கள் அதை இணக்கம் என்றே எழுதினார்கள். பேஸ் குரலே மற்ற குரல்களைத் தாங்கும் அடித்தளம் என்ற கேட்பு வழக்கம் உறுதிப்பட்ட பிறகுதான் பேஸிலிருந்து எழும் நான்காவது தீர்வை வேண்டும் ஒலியாயிற்று. ஒலியின் இயல்பும் கேட்பின் பழக்கமும் இங்கே சேர்ந்தே வேலை செய்கின்றன.

இந்தக் கார்டின் தவிப்பை எவ்வளவு நேரம் நீட்ட முடியும் என்பதை அறிய விரும்பினால் மோட்ஸார்ட்டின் பியானோ கான்செர்டோக்களைக் கேளுங்கள். முதல் பகுதி முடியும் தறுவாயில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் இந்த ஆறு–நான்கு கார்டில் வந்து நின்றுவிடும். பியானோ கலைஞர் தனியாகக் கெடன்ஸா என்னும் பகுதியை விரிவாக வாசித்து, இறுதியில் பெரும்பாலும் ரிஷபத்தின் மீது நீண்ட ட்ரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) ஒன்றை வாசிக்கும்போது டாமினன்ட் வந்து சேரும். அடுத்த நொடி ஆர்கெஸ்ட்ரா டானிக்கில் நுழையும். அந்தக் கெடன்ஸா முழுவதும் ஆறு–நான்குக்கும் ஐந்து–மூன்றுக்கும் இடையில் நிகழ்கிறது. அந்தக் கார்ட் உண்மையிலேயே டானிக்காக ஒலித்திருந்தால் அவையினர் இசை முடிந்துவிட்டது என்று எண்ணியிருப்பார்கள். யாரும் அப்படி எண்ணுவதில்லை.

பேஸ்குரல் எழுதியது:

மேலே எழுதியவர்களின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டே ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். ஒன்றாம் கார்ட் என்ற குறியீட்டை வெறும் மேலோட்டமான பார்வை என்று தள்ளிவிடக் கூடாது. நீண்ட நேரம் வேறு ஸ்கேல்களில் சுற்றிவிட்டு இசை மூல ஸ்கேலுக்குத் திரும்பும்போது, இந்தக் கார்ட் வந்ததும் சொந்த வீட்டின் வாசல் தெரிந்துவிட்டது என்ற உணர்வு எழுகிறது. வெறும் ப நி ரி கார்ட் மட்டும் வந்திருந்தால் அந்த உணர்வு அவ்வளவு வலுவாக எழுவதில்லை. ஸட்ஜமும் காந்தாரமும் சேர்ந்து ஒலிப்பதால் வரும் பயன் அது. கார்டுகளை டானிக், சப்டாமினன்ட், டாமினன்ட் என்ற மூன்று பணிகளாகவே பிரித்துக்காட்டிய ஜெர்மானியக் கோட்பாட்டாளர் ரீமான், 1893இல் வெளியிட்ட தமது நூலில் இதனை டாமினன்டின் கணக்கில் சேர்த்தார்; அது வலுவான பார்வை. இருந்தாலும் அந்தக் கார்டுக்குள் டானிக்கின் சாயல் இருப்பதை நாம் கேட்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் இன்வர்ஷன் எங்கே வந்தாலும் அது டாமினன்ட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதும் முக்கியம். பேஸ் ஸ, ரி, க என்று ஏறிச் செல்லும்போது நடுவில் ரிஷபத்தின் மீது ரி ப நி வந்தால், அது டானிக்கின் இரண்டு நிலைகளை இணைக்கும் வழி மட்டுமே. பேஸ் ஸட்ஜத்திலேயே நிற்க, மேற்குரல்கள் க–ப விலிருந்து ம–த வுக்கு ஏறி மீண்டும் க–ப வுக்கு வந்தால், நடுவில் உள்ள ஸ ம த வெறும் அசைவு. கேடன்ஸில் வருவது இவற்றிலிருந்து வேறுபடுவது அது தாளத்தில் அமரும் இடத்தாலும் தொடர்ந்து வரும் கார்டாலும்தான். அது தனக்கு அடுத்து வரும் ப நி ரி கார்டைவிட வலுவான அட்சரத்தில் விழும்.

தேர்வைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் முறையில் நடக்கும் தேர்வுகளில் இன்வர்ஷன்களை ஏ, பி, சி என்று எழுதும் வழக்கம் இருப்பதால் இதனை ‘ஒன்று சி’ என்று குறிப்பார்கள். உங்கள் பாடத்திட்டம் எதைக் கேட்கிறதோ அதையே எழுதுங்கள்.

வயலின்_மாணவி எழுதியது:

சுருதிப் பெட்டியை வைத்துச் செய்யச் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். பஞ்சமத்தின் மேல் ஸ–க வாசித்துவிட்டு நி–ரி வாசித்தபோது, இத்தனை காலம் தம்பூராவில் கேட்டுக்கொண்டிருந்த ஒலிக்கும் இந்தப் பாடத்துக்கும் இவ்வளவு நெருக்கமான தொடர்பு இருப்பதை உணர்ந்தேன். விளக்கியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இதையே மைனர் ஸ்கேலில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஏ மைனரை நடபைரவியாகக் கொண்டு, ஐயா காட்டிய அதே நான்கு குரல்களைச் சாதாரண காந்தாரம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் ஆகியவற்றுடன் எழுதினேன். நான்கு அட்சரங்கள் கொண்ட தாளத்தில், மூன்றாவது அட்சரத்தில் ம த ஸ கார்டும், நான்காவது அட்சரத்தில் ஆறு–நான்கு கார்டும், அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அட்சரத்தில் ப நி ரி கார்டும், மூன்றாவது அட்சரத்தில் ஸ க ப கார்டும் வருகின்றன. வாசித்துக் கேட்கும்போது முடிவு மெலிந்து ஒலிக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

ஆர்கன்_இசைஞர் எழுதியது:

இரண்டு மாற்றங்கள் போதும், சகோதரி. முதலாவது, நிஷாதம். கைசிகி நிஷாதத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் இடையில் முழுச்சுரம் இருப்பதால், அது ஸட்ஜத்தை நோக்கி இழுக்கப்படுவதில்லை. டாமினன்டும் மைனர் கார்டாகிவிடுகிறது. கேடன்ஸில் மட்டும் காகலி நிஷாதத்துக்கு மாற்றுங்கள். ஏ மைனரில் ஜி என்பது ஜி ஷார்ப் ஆகும், டாமினன்ட் ஈ மேஜர் ஆகும். ஹார்மோனிக் மைனர் என்று நூல்கள் சொல்லும் ஸ்கேல் இப்படித் தேவைக்காகப் பிறந்ததே. நீங்கள் அதைக் கீரவாணியாக அறிந்திருக்கிறீர்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சுத்த தைவதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் இடையில் மூன்று அரைச்சுரங்கள் இருப்பதால், ஒரே குரல் அவை இரண்டையும் அடுத்தடுத்துப் பாடுவதை நான்கு குரல் மரபு தவிர்த்தது. ஒரு குரல் அப்படி ஏறியே ஆக வேண்டிய இடங்களில் தைவதத்தையும் உயர்த்திக் கௌரிமனோகரியின் சுரங்களாக்கினார்கள். ஏறும் மெலோடிக் மைனர் அதுதான். நீங்கள் எழுதியதில் அந்தச் சிக்கல் எழவில்லை. தைவதம் ஆல்டோவில் இருந்து பஞ்சமத்துக்கு இறங்குகிறது, நிஷாதம் சொப்ரானோவில் ஸட்ஜத்திலிருந்து வருகிறது. ஆகவே தைவதத்தை அப்படியே விடலாம்.

இரண்டாவது, தாளம். ஆறு–நான்கு கார்டை நான்காவது அட்சரத்தில் வைத்து, அது இறங்கும் கார்டை முதல் அட்சரத்தில் வைத்திருக்கிறீர்கள். அங்கே தவிப்பு மெலிந்த இடத்திலும் தீர்வு வலுவான இடத்திலும் விழுவதால், ஆறு–நான்கு வந்தது செவியில் பதிவதற்கு முன்பே கடந்துவிடுகிறது. ம த ஸ கார்டை மூன்றாம், நான்காம் அட்சரங்களுக்கு நீட்டுங்கள். அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் இரண்டு அட்சரங்களை ஆறு–நான்குக்கும், பின் இரண்டை ப நி ரி கார்டுக்கும் கொடுத்து, அதற்கடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அட்சரத்தில் ஸ க ப கார்டில் முடியுங்கள். எழுதியதும் இங்கே பதிவிடுங்கள். டெனர் குரலை மட்டும் தனியாக ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டுப் பதிவிடுங்கள்.